இரண்டு வீட்டில் கை நனைக்கும் கொசு

போன ஞாயிறு சித்தப்பாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. கல்யாணப் பேச்சைக்கூட நாற்பது நொடியில் முடித்துவிடுகிற மனிதர். பதறிப்போய்க் கேட்டேன்.

"ஏம்மா, எங்க காம்பவுண்டுல பெரிய மரம் ஒண்ணு இருக்குல்ல, அதுல இந்த வருஷம் கொக்கு கூடு கட்டியிருக்கு. நாப்பது அம்பது இருக்கும். கீழ நிக்கிற கார் எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, அத விடு. நேத்து குரூப்புல ஒருத்தர் என்னமோ அனுப்பியிருக்கார். கொக்குகிட்டேருந்து கொசு, கொசுகிட்டேருந்து மூளைக்காய்ச்சல்னு. மரத்த வெட்டணும்னு அசோசியேஷன்ல கையெழுத்து வாங்குறாங்க. நீதான் கொசு ஆபீஸ்ல ஒம்பது வருஷம் இருந்தியே. கையெழுத்து போடவா, வேணாமா?"

மீதி மூன்று நிமிடமும் செகரட்டரியைப் பற்றி. அது இங்கே வேண்டாம்.

"கொசு ஆபீஸ்" என்பது எங்கள் குடும்பத்தில் என் பழைய வேலைக்கு வைத்த பெயர். பிடித்துவந்த கொசுக்களை இனம் பிரிப்பது என் வேலை. சித்தப்பாவுக்குப் பதில் டைப் செய்ய ஆரம்பித்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். "போடாதீங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஃபார்வர்டில் இருந்தது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் சிக்கல். முழுப் பொய்யை மறுப்பது சுலபம். முக்கால் உண்மைக்கு உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் மேஜையைக் காட்டிவிடுகிறேன். ஒரு ஐஸ் பேக், அதன்மேல் வெள்ளைத் தட்டு, பக்கத்தில் மைக்ரோஸ்கோப், கையில் நுனி கூரான ஃபோர்செப்ஸ். காலையில் கொசு பிடிக்கும் ட்ராப்புகள் வந்து சேரும். அதில் ஒரு வகை ட்ராப்பில் வைக்கோலை ஊறவைத்து நாறவிட்ட தண்ணீர் இருக்கும். முட்டையிட இடம் தேடும் பெண் கொசுவுக்கு அந்த நாற்றம்தான் அழைப்பிதழ். அந்த வாடை என் துப்பட்டாவில் இருந்து போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும். கொசுக்களைக் குளிரில் மயக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். காலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ். ஊசிமூக்கின் நடுவில் ஒரு வெளிர் வளையம் இருந்தால் நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரின்கஸாக இருக்கலாம். மற்ற அடையாளங்களையும் பார்த்து உறுதி செய்வோம். அடையாளம் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் பழுப்பாக, அசட்டுக் களையோடு இருந்தால், சாக்கடையிலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலும் வளரும் நம்ம வீட்டுக் கொசு, கியூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ். ஒரே இனத்தில் ஐம்பது வரை சேர்த்து ஒரு குப்பி. அதை அரைத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த அறைக்காரர்களின் பாடு.

நடுநடுவே ரத்தம் குடித்த கொசு சிக்கும். குடித்து சில மணி நேரமே ஆகியிருந்தால் வயிறு மாதுளை முத்துபோல இருக்கும். ஒரு நாள் போனால் கறுத்துவிடும். அதைத் தனியே எடுத்து, வயிற்றை ஃபில்டர் பேப்பரில் நசுக்கி, எண் போட்டுக் காயவைப்போம். அது யாருடைய ரத்தம் என்று பிறகு மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

சேர்ந்த முதல் வருடம், என் மேலாளர் அந்த ரத்தத்தில் ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டு, "பாரு, இது யார் ரத்தம்னு சொல்லு" என்றார். நான் முழித்தேன். "உள்ளே புள்ளி தெரியுதா?" தெரிந்தது. நீள்வட்டமான செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறத்தில் ஒரு கரு. மனிதர், மாடு, நாய் என்று பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் கரு கிடையாது. பறவைக்கு உண்டு. தவளைக்கும் பல்லிக்கும்கூட உண்டு. ஆனால் அந்த ட்ராப் இருந்தது ஒரு கொக்குக் குடியிருப்புக்குக் கீழே. "ராத்திரி ஏதோ ஒரு பறவை தூங்கும்போது இது போய்க் குடிச்சிருக்கு" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபின் ராத்திரி மரங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. நாம் கொசுவலைக்குள் பத்திரமாகத் தூங்குகிறோம். மேலே கிளையில் இருப்பவர்களுக்குக் கொசுவலை இல்லை.

சிறகு முழுக்க இருக்கிறதே, கொசு எங்கே கடிக்கும் என்று கேட்பீர்கள். கண்ணைச் சுற்றி, அலகின் அடியில், கால்களில். கூட்டில் இருக்கும் குஞ்சு என்றால் உடம்பில் பாதி வெறும் தோல்தான். அது நகர முடியாது, உதறத் தெரியாது. வளர்ந்த பறவைகளில் ஆளுக்கு ஒரு குணம். உண்ணிக்கொக்கு காலை உதறும், தட்டும், கொத்தும். கொசுவை எளிதில் குடிக்க விடாது. வக்கா என்கிற இராக்கொக்கு இந்த விஷயத்தில் மகா பொறுமைசாலி. கடித்துக்கொண்டு போ என்று விட்டுவிடும். வைரஸைப் பொறுத்தவரை இந்தக் குணபேதம் சின்ன விஷயமே இல்லை.

இனி ஃபார்வர்டின் முக்கால் உண்மைக்கு வருகிறேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல், செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல், ஆஸ்திரேலியாவின் மரே பள்ளத்தாக்கு மூளைக்காய்ச்சல், ஐரோப்பாவில் இப்போது அலைக்கழிக்கும் உசுட்டு. இந்த வைரஸ்கள் எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் பறவைகள்தான் தாய்வீடு. பறவைக்கும் கொசுவுக்கும் இடையில் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருப்பவை. மனிதரிடம் வருவது வழி தவறித்தான். டெங்குவை இதில் சேர்க்காதீர்கள். டெங்குவுக்கும் கொக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது மனிதரிடமிருந்து ஏடிஸுக்கு, ஏடிஸிடமிருந்து மனிதருக்கு. அந்தக் குரூப்பில் டெங்குவையும் இழுத்து எழுதியிருந்ததாகச் சித்தப்பா சொன்னார். அந்தக் கால் பங்குதான் முழுப் பொய்.

"பறவை பரப்புகிறது" என்று சொல்லும்போது, ஏதோ கொக்கு வாயில் நோயைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுப் போவதுபோல ஒரு படம் மனதில் விழுகிறது. நடப்பது வேறு. வைரஸ் ஏறிய ஒரு கொசு பறவையைக் கடிக்கிறது. பறவையின் ரத்தத்தில் வைரஸ் பெருகுகிறது. ஆனால் சில நாள்தான். அநேகமாக ஒரு வாரத்துக்குள் அதன் உடம்பே வைரஸைத் துடைத்துவிடும், அல்லது பறவை செத்துவிடும். பிழைத்த பறவைக்கு எதிர்ப்புச் சக்தி நிலைத்துவிடும். மறுபடி அது கொசுவுக்கு உதவாது. அந்தச் சில நாள்களுக்குள் இன்னொரு கொசு வந்து குடித்தாக வேண்டும். குடித்ததும் அந்தக் கொசு உடனே ஆபத்தானது ஆகிவிடுவதும் இல்லை. குடலில் இருந்து வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். வெயில் ஏற ஏற இந்தக் காலம் குறையும். அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டும். தவளை, தும்பி, பல்லி, கையில் பேட்மிண்டன் பேட்டோடு அலையும் நாம், இத்தனை பேரையும் தாண்டி.

அதன்பிறகும் ஒரு நிபந்தனை இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. பறவையைக் குடித்த கொசு அடுத்தமுறை மனிதரைக் குடிக்க வேண்டும். பறவையைத் தவிர வேறு எதையும் தொடாத கொசுக்கள் உண்டு. அவை எத்தனை கோடி இருந்தாலும் வைரஸை நம்மிடம் கொண்டுவராது. மனிதரை மட்டுமே தேடும் கொசுவுக்குப் பறவையின் வைரஸ் கிடைக்கவே கிடைக்காது. ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருப்பதிடம். இந்த வீட்டிலும் கை நனைத்து, அந்த வீட்டிலும் கை நனைக்கிறதே, அதனிடம். இரண்டு பக்கத்துக்கும் பாலம் என்பதால் எங்கள் துறையில் அதைப் பாலக் கொசு என்போம். சாக்கடையில் வளரும் அந்த அசட்டுக் கியூலெக்ஸ் அப்படிப்பட்டதுதான்.

மனிதருக்கு வந்தபிறகு? முட்டுச்சந்து. நம் ரத்தத்தில் இந்த வைரஸ்கள், இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. குதிரைக்கும் அப்படியே. வெஸ்ட் நைல் தொற்றியவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல். சுமார் 150 பேரில் ஒருவருக்கு மூளையையோ நரம்பையோ தாக்கும். அந்த ஒருவருக்கு அது விளையாட்டில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளையைத் தாக்கும் விகிதம் இதைவிடக் குறைவு. தாக்கிவிட்டால் கொடூரம். குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். பிழைத்தாலும் பலருக்குக் குறை நின்றுவிடும். நல்லவேளையாக அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வெஸ்ட் நைலுக்குக் குதிரைக்குத் தடுப்பூசி உண்டு, மனிதருக்கு இன்னும் இல்லை. இந்த விஷயத்தில் குதிரை நம்மைவிடக் கொடுத்துவைத்தது.

எல்லாப் பறவையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொசுவுக்குத் தொற்ற வேண்டுமானால் ஒரு மில்லி ரத்தத்தில் தோராயமாக ஒரு லட்சம் வைரஸாவது வேண்டும். கோழியின் ரத்தத்தில் அந்த அளவுக்கு ஏறுவதே அபூர்வம். அதனால்தான் பல நாடுகளில் கோழிகளையே காவலாளியாக வைத்தார்கள். வயல் ஓரத்தில் கூண்டில் கோழிகள். வாரா வாரம் சிறகுக்கடியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வந்திருந்தால் வைரஸ் அந்தப் பக்கம் நடமாடுகிறது. கோழிக்கு நோகாது, கொசுவுக்கும் அதனிடமிருந்து கிடைக்காது. இந்தக் கோழிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

மறுகோடியில் காகம். அமெரிக்கக் காகத்தின் ரத்தத்தில் வெஸ்ட் நைல் ஒரு மில்லிக்கு நூறு கோடியைத் தாண்டும். பரிசோதனையில் தொற்றிய காகங்கள் அநேகமாக எல்லாமே ஒரு வாரத்துக்குள் செத்தன. 2003 இல் 25 பறவை இனங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. கொசுவுக்கு வைரஸை வாரி வழங்குவதில் முன்வரிசையில் இருந்தவை நீல ஜே, கிராக்கிள், ஹவுஸ் ஃபிஞ்ச், அமெரிக்கக் காகம், சிட்டுக்குருவி. கவனியுங்கள். நாம் "ஐயோ அழிகிறதே" என்று கவிதை எழுதும் சிட்டுக்குருவி பட்டியலில் இருக்கிறது.

காகம் என்றதும் 1999 ஆம் ஆண்டின் நியூயார்க்கைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது. அந்தக் கோடையில் நகரத்தில் காகங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஆகஸ்ட் கடைசியில் குவீன்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் டெபரா ஆஸ்னிஸ் என்ற மருத்துவர், வயதானவர்கள் சிலர் ஒரே மாதிரி மூளைக்காய்ச்சலும் தசைத் தளர்ச்சியுமாக வருவதைக் கவனித்துத் தகவல் சொன்னார். செப்டம்பர் தொடக்கத்தில், இது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்து, மருந்து தெளிக்க ஆரம்பித்தார்கள். மனிதர் தரப்பில் கதை முடிந்தது.

பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் நோய்க்குறியியல் பார்த்துக்கொண்டிருந்த ட்ரேசி மெக்நமாராவுக்கு மட்டும் கணக்கு இடித்தது. வெளியே காகங்கள் சாகின்றன, உள்ளே பூநாரைகள் சாகின்றன. அறுத்துப் பார்த்தால் மூளையில் ரத்தக்கசிவு. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்லாது. அதுதான் அதன் இயல்பு. குதிரைகளைத் தாக்கும் கிழக்கத்திய மூளைக்காய்ச்சலாக இருக்குமோ? அதுவென்றால் ஈமு பிழைக்காது. காட்சிசாலையின் ஈமுக்கள் ஒரு குறையும் இல்லாமல் உலாவிக்கொண்டிருந்தன. அப்படியானால் இது மூன்றாவது ஏதோ ஒன்று. செத்த பறவையைப் பார்த்து எல்லோரும் யோசிப்பார்கள். சாகாத பறவையைப் பார்த்து யோசித்தார் பாருங்கள், அந்த இடத்தில் நான் எழுந்து நிற்பேன். அவர் அனுப்பிய மாதிரிகளில் இருந்து கால்நடை ஆய்வகத்தில் வைரஸ் பிரிக்கப்பட்டது. செப்டம்பர் கடைசிக்குள் விஷயம் வெளியே வந்தது: வெஸ்ட் நைல். 1937 இல் உகாண்டாவில் ஒரு பெண்ணின் ரத்தத்தில் முதலில் கண்டெடுத்த வைரஸ், அதுவரை அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்ததே இல்லை. அந்த வருடம் 62 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அடுத்த நாலைந்து ஆண்டில் அது மறுகடற்கரை வரை போய்விட்டது. காகங்களின் எண்ணிக்கை சில பகுதிகளில் பாதிக்குக் கிட்டத்தட்டச் சரிந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும் ஒரு சொந்தக் கதை உண்டு. வேலையில் நாலாவது வருடம். ஒரு அம்மா போன் செய்து, "எங்க தெருவுல ரெண்டு நாள்ல ஒம்பது காக்கா செத்துக் கிடக்குதுங்க, யார்கிட்ட சொல்றது?" என்றார். நான் மேலே சொன்னேன். "காக்கா நம்ம வேலை இல்லை, அது வேற டிபார்ட்மென்ட்" என்று பதில் வந்தது. அந்த வேற டிபார்ட்மென்ட்டின் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அத்தோடு விட்டுவிட்டேன். விஷம் வைத்ததாகக்கூட இருந்திருக்கலாம். பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒன்பது காகத்தில் ஒன்றைக்கூட யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மனித வைத்தியம் ஒரு கட்டடம், மிருக வைத்தியம் இன்னொரு கட்டடம், நடுவில் யாரும் நடக்காத ஒரு வெட்டவெளி. காகம் விழுவது எப்போதும் அந்த வெட்டவெளியில்தான்.

கொக்குக்குத் திரும்புகிறேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் கொக்கு, நாரை, வக்கா இவற்றின் பங்கு 1950களில் ஜப்பானில் நடந்த ஆய்வுகளிலேயே நிறுவப்பட்டது. இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955 இல் வேலூர்ப் பக்கம். நெல்வயல் தண்ணீரில் கொசு, அதே வயலில் மீன் பிடிக்கும் கொக்கு. இரண்டுக்கும் ஒரே முகவரி. ஆனால் இங்கே கொக்கு தனி ஆளில்லை. பன்றி இருக்கிறது. பன்றியின் ரத்தத்தில் வைரஸ் ஏகமாகப் பெருகும், மனிதர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், வருடா வருடம் எதிர்ப்புச் சக்தி இல்லாத புதிய குட்டிகள் வரும். கொக்கு வைரஸை அந்த வட்டாரத்தில் உயிரோடு வைத்திருக்கிறது என்றால், அதை மனிதரின் வாசல் அளவுக்குப் பெருக்குவது பன்றி. 2022 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில், எப்போதும் அந்த நோய் பேச்சே இல்லாத இடத்தில், பல பன்றிப் பண்ணைகளில் குட்டிகள் செத்துப் பிறந்தன. மழையும் வெள்ளமும் மிகுந்து நீர்ப்பறவைகளும் கொசுவும் பெருகியிருந்த காலம் அது.

மாடு நேர் எதிர். அந்த நெல்வயல் கொசுவுக்கு மாட்டு ரத்தம் என்றால் கொள்ளை ஆசை. என் ஃபில்டர் பேப்பர்களில் பாதிக்கு மேல் "மாடு, மாடு, மாடு" என்றுதான் முடிவு வரும். மாட்டின் உடம்பில் வைரஸ் பெருகாது. ஆக, மாட்டைக் கடிக்கும் ஒவ்வொரு கடியும் வைரஸுக்கு வீண் செலவு. அதற்காக வீட்டைச் சுற்றி மாடு கட்டினால் பாதுகாப்பு என்று கிளம்பிவிடாதீர்கள். மாடு நிறைய இருந்தால் கொசுவுக்குச் சாப்பாடும் நிறைய, முட்டையும் நிறைய. இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வலசை பற்றியும் ஒரு வார்த்தை. நாரையைத் தூது அனுப்புவது நம் மொழிக்குப் புதிதில்லை. 1998 இல் ஒரு செங்கால் நாரைக் கூட்டம் கொண்டுவந்த சேதிதான் வேறு. ஐரோப்பாவில் இருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த கூட்டம், மேற்கே இருந்து அடித்த வெப்பக்காற்றில் பாதை விலகி இஸ்ரேலின் எய்லாட்டில் இறங்கியது. செத்தவற்றில் வெஸ்ட் நைல் இருந்தது. அந்த வருடம் ஐரோப்பாவில் முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பறவைகள் அவை; ஆப்பிரிக்காவை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அப்படியானால் வைரஸை அவை வாங்கியது ஐரோப்பாவிலோ, வரும் வழியிலோதான். ஆப்பிரிக்காவில் இருந்து வடக்கே போவதைத்தான் அதுவரை எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவருடம் நியூயார்க்கில் கிடைத்த வைரஸ், அந்தக் காலத்து இஸ்ரேல் கூஸ் வாத்துகளில் கிடைத்ததோடு கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒத்துப்போனது. அட்லாண்டிக்கை அது எப்படித் தாண்டியது என்று இன்றுவரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

பறவைகளைக் குற்றவாளியாக மட்டுமே பார்த்தால் பாதிக் கதை போய்விடும். உசுட்டு வைரஸ் 2001 இல் ஆஸ்திரியாவில் கறுப்புப் பூங்குருவிகளைக் கூட்டமாகக் கொன்றது. தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்தது காலையில் புல்லில் கிடந்தது. ஹவாய்த் தீவுகளில் 1826 வாக்கில் கப்பல் தண்ணீரில் வந்து இறங்கும் வரை கொசுவே கிடையாது. அதன்பின் வந்த பறவை மலேரியா அங்கே மட்டுமே இருந்த தேன்குடிப் பறவைகளில் பல இனங்களைத் துடைத்துவிட்டது. அது வைரஸ் இல்லை, ஒட்டுண்ணி. ஆனாலும் சொல்லத் தோன்றியது. மலேரியாவைக் கொசு பரப்பும் விதத்தை ரொனால்டு ராஸ் 1898 இல் கல்கத்தாவில் முழுசாகக் கண்டுபிடித்ததும் பறவைகளை வைத்துத்தான். நம் காய்ச்சலின் ரகசியத்தை முதலில் சொன்னது ஒரு கூண்டுச் சிட்டுக்குருவி.

சரி, மரம். சித்தப்பாவுக்கு நான் சொன்னது ராபின் கதை. அமெரிக்க ராபின் நம் மைனா அளவு, ஆரஞ்சு நெஞ்சு. வாஷிங்டன், மேரிலாந்துப் பக்கம் கொசுக்களின் வயிற்றைச் சோதித்தவர்கள், அங்கிருக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்கு ராபின்மேல் தனி மோகம் என்று கண்டார்கள். ராபின்கள் எண்ணிக்கையில் அப்படியொன்றும் அதிகமில்லை, ஆனால் கொசு வயிற்றில் எங்கு பார்த்தாலும் ராபின் ரத்தம். கோடையின் பின்பாதியில் குஞ்சுகள் வளர்ந்து ராபின்கள் கலைந்து போகும். கொசு போகாது. அப்போது அது மனிதர் பக்கம் திரும்புகிறது; மனித ரத்தத்தின் பங்கு பல மடங்கு ஏறுகிறது. மனிதருக்கு நோய் உச்சத்துக்குப் போவதும் அந்தச் சமயத்தில்தான். 2006 இல் வெளியான ஆய்வு இது.

"அதாவது சித்தப்பா, பந்தியில ஒரு வரிசை எந்திரிச்சுப் போச்சு, சாப்பிட வந்தவன் போகல. அவன் அடுத்த வரிசைக்கு வருவான்."

"அப்ப கொக்க வெரட்டினா கொசு எங்ககிட்ட வரும்ங்கிற?"

"உங்க மரத்துக்கு அப்படியேதான் நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அது வேற பறவை, வேற இடம். ஆனா கொசு எங்க பொறக்குதுன்னு பாக்காம மரத்த மட்டும் வெட்டுறது, வந்தவன விட்டுட்டு இலைய எடுக்குற மாதிரி. கொக்கு கொசுவப் பெத்துப் போடல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்க பொறக்கும்?" என்றார்.

1996 இல் ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்டில் வெஸ்ட் நைல் வந்து கிட்டத்தட்ட 400 பேர் படுத்தார்கள். போய்த் தேடியவர்கள் கண்டது அடுக்குமாடிக் கட்டடங்களின் வெள்ளம் தேங்கிய அடித்தளங்களை. குழாய் ஒழுகி, சாக்கடை கலந்து, இருட்டில் மாதக்கணக்காகத் தண்ணீர். கொசுவுக்கு அரண்மனை. அந்த ஞாபகத்தில், "லிஃப்ட் குழியப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். லிஃப்ட் குழியா, அங்கே என்ன இருக்கிறது என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு வாட்ச்மேனோடு போகச் சொன்னேன்.

நேற்று இரவு ஒன்பதரைக்கு நாலு படம் வந்தது. மூன்று வெறும் இருட்டு. நாலாவதில் கறுத்த தண்ணீர், ஒரு மிதக்கும் பிளாஸ்டிக் டம்ளர், டார்ச் வெளிச்சத்தில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள். கீழே ஒரு கேள்வி: "ஓரத்துல கரித்துணுக்கு மாதிரி மிதக்குதே, அது என்னம்மா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். அரிசியை விடக் கொஞ்சம் நீளம், நடுவில் லேசான குழிவு, படகு மாதிரி. ஒன்பது வருடம் பார்த்த உருவம். கியூலெக்ஸ் முட்டைகளை நட்டக்குத்தலாக நிறுத்தி ஒட்டிவைத்த தெப்பம். ஒரு தெப்பத்தில் நூறு முதல் முந்நூறு வரை இருக்கும்.

"முட்டை சித்தப்பா" என்று அனுப்பினேன். "அந்த மாதிரி எத்தனை இருக்குன்னு எண்ணுங்க."

பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாராம்.